புழுக்கைக் கணக்கு

முயலுக்குப் பசிக்காமல் போவது என்று ஒன்று கிடையாது. நாய் ஒரு நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும், புல்லைத் தின்று வாந்தி எடுக்கும், மறுநாள் காலையில் தட்டைத் தேடி வந்துவிடும். மனிதர்கள் அமாவாசைக்கும் சஷ்டிக்கும் கோபத்துக்கும் பட்டினி கிடக்கிறோம். முயலால் இது எதுவும் முடியாது. அதற்கு வாந்தி எடுக்கவே வராது. வாய்க்குள் போனது பின்வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை எதையாவது மென்றே கழிப்பதற்கு அமைந்த உடம்பு. ஒரு முயல் 12 மணி நேரமாக ஒன்றும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் மருத்துவர்கள் அதை அவசர நிலை என்கிறார்கள். விடியட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

எங்கள் வீட்டு முயலின் பெயர் அவல். 2014 டிசம்பரில், பழைய மிக்ஸிக்கு ஜார் தேடிப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போன அப்பா, ஜார் இல்லாமல் ஒரு அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தார். பெட்டியின் மேல் 'கெட்டி அவல்' என்று அச்சடித்திருந்தது. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைக் குட்டி. "மழையில நனைஞ்சிட்டு இருந்துச்சு, 200 ரூபாதான்" என்றார், யாரும் விலையைக் கேட்காதபோதே. பெண் முயல். பேச்சில் அவல் என்பதும் அவள் என்பதும் எங்கள் வாயில் ஒன்றுதான் என்பதால் பெயர் இரண்டு விதமாகவும் பொருந்திவிட்டது.

அம்மா அருப்புக்கோட்டைப் பக்கம். அவளுக்கு முயல் என்றால் கரிசல் காட்டில் பருத்திச் செடிக்கு நடுவே பாய்ந்து ஓடுவது. கண்ணியில் மாட்டினால் குழம்பு. "இத வீட்ல வச்சு என்னங்க பண்றது?" என்று அப்பாவிடம் கேட்டாள். கேலியாகக் கேட்டதில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கும் தெரியாதுதான். தமிழில் முயல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விலங்குகள் இருக்கின்றன. திருக்குறளில் அம்புக்கு இலக்காகிற முயல், நிலாவில் தெரிகிற முயல், 'தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்' என்ற பழமொழியின் முயல் எல்லாமே காட்டு முயல்தான். அது வளை தோண்டாது. அதன் குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் தரையில் பிறக்கும். கடையில் விற்கும் வெள்ளை முயலின் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பம். அது மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்த இனம். குட்டிகள் ரோமம் இல்லாமல், கண் மூடியபடி பிறக்கும். இரண்டும் ஒரே பேரினம்கூட இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவின் ஊரில் பத்துப் பேருக்குத் தெரியும். ஆட்டுக்கும் கோழிக்கும் கை வைத்தியம் இருக்கிறது. வளர்ப்பு முயலைப் பற்றி நம் பாட்டிகளிடம் எந்தச் சொத்தும் கிடையாது. எங்கள் தெருவில் அவலைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "ரத்தம் எண்ணெயில போட்டுக் காய்ச்சினா முடி வளருமாமே?" என்பதுதான்.

அவல் அப்பாவின் முயலாக வளர்ந்தாள். ஒரு வயது முடிந்ததும் கருப்பையை நீக்கும் அறுவையைச் செய்துவிட்டோம். பெண் முயலுக்கு வயதாக ஆகக் கருப்பையில் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று மருத்துவர் சொன்னார். பெரம்பூரில் இரண்டாவது மாடி வீடு. பால்கனியிலிருந்து சமையலறை வரை அவளுடைய ராஜ்ஜியம். மே மாதங்களில் அப்பா தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துண்டில் சுற்றி அவள் பக்கத்தில் படுக்க வைப்பார். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் இறக்க வேண்டும். ஏப்ரல், மே சென்னையில் அந்த இரண்டு காதுகள் எவ்வளவுதான் செய்யும்?

2019 அக்டோபரில் அப்பா இறந்தார். கணையத்தில் புற்றுநோய். கடைசி ஆறு வாரம் அவர் ஒவ்வொன்றாக விட்டார். முதலில் கறி, பிறகு சோறு, பிறகு இட்லி, பிறகு கஞ்சி. அம்மா ஒவ்வொரு வேளையும் ஒரு கிண்ணமும் கரண்டியுமாக அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள். "ரெண்டு வாய். எனக்காக ரெண்டே வாய்." அவர் அவளுக்காக இரண்டு வாய் வாங்குவார். பத்து நிமிடத்தில் இரண்டும் வெளியே வந்துவிடும். மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று அத்தை கேட்டதற்கு, வலி நிவாரணத்துக்காக வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் அம்மாவைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார்: "அம்மா, அவர் சாப்பிடாததால சாகல. செத்துக்கிட்டு இருக்கறதாலதான் சாப்பிடல. உடம்புக்கு இனிமே அது தேவையில்ல. உதட்டை மட்டும் நனைச்சு விடுங்க."

அம்மா அன்றைக்குக் கரண்டியைக் கழுவி வைத்தவள்தான். அப்பாவுக்கு அதன் பிறகு ஐந்து நாள் இருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தாள், அவ்வளவுதான். அந்த ஐந்து நாளும் அவர் அமைதியாக இருந்தார். அம்மாவுக்கு வாழ்க்கையில் மருத்துவம் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது. வேண்டாம் என்று சொல்கிற வாயைத் திறக்காதே.

2023 ஜூலையில் ஒரு ராத்திரி, அவல் கொத்தமல்லித் தண்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அப்போது எட்டரை வயது. வீட்டுக்குள் நன்றாகப் பராமரிக்கப்படும் முயல்கள் 8 முதல் 12 வருடம் வரை இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவுச் சத்தத்துக்கே ஓடி வருகிறவள் பால்கனி மூலையில் முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனால் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். சந்தோஷத்திலும் முயல் பல்லை லேசாக அரைக்கும். தடவிக்கொடுத்தால் பூனை உறுமுவது மாதிரி கைக்குத் தெரியும். வலியில் அரைப்பது வேறு. அது ஓர் அடி தள்ளியும் கேட்கும். மற்றபடி முயல் கத்தாது. பிடித்துத் தின்னப்படுகிற விலங்கு வலியைக் காட்டினால் முதல் ஆளாகச் சாகும் என்பதால், மறைப்பதில் அது தேர்ந்தது.

"அவ வேணாங்கிறாடி, விட்டுடு" என்றாள் அம்மா. "வயசாயிடுச்சு. அதுங்களுக்குத் தெரியும். உங்கப்பாவை நான் படுத்துனது போதும், நீ இவளைப் படுத்தாத."

அம்மா சொன்னதில் அன்பு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அது அவள் விலை கொடுத்து வாங்கிய அறிவு. ஆனால் அப்பாவின் உடம்பும் அவலின் உடம்பும் ஒன்றல்ல. அந்த ராத்திரி எனக்கு அது வார்த்தையாகத் தெரியாது. குப்பை அள்ளும் தட்டில் மாலை கூட்டியதற்குப் பிறகு ஒரு புழுக்கைகூட விழவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நல்ல நிலையில் இருக்கும் முயல் ஒரு நாளைக்கு 200க்கு மேல் போடும்.

மூன்று கிளினிக்குக்கு போன் செய்தேன். ஒன்றில் எடுக்கவில்லை. ஒன்றில் நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். இன்னொன்றில், "கறிக்கு வளர்க்கறதா, பெட்டா?" என்று கேட்டுவிட்டு, பெட் என்றதும் யோசித்து, காலையில் வேப்பேரிக்குப் போகச் சொன்னார்கள். 1903 முதல் அங்கே இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வாசலில் விடியற்காலையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் கட்டுப் போட்ட ஆடு, சங்கிலியை இழுக்கும் ராஜபாளையம், துணி போர்த்திய கிளிக்கூண்டு. ஆட்டுக்காரர் என் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "முயலுக்கா இவ்ளோ தூரம் வந்தே?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. தன் ஆட்டுக்காக மாதவரம் தாண்டி வந்திருந்தவர் அவர்.

என் வயதே இருக்கும் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். வெப்பமானியை வைத்தார், 37.4. முயலுக்கு இயல்பாக 38.5இலிருந்து 40 டிகிரி வரை இருக்க வேண்டும். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு காதிலிருந்து எடுத்து என் காதில் மாட்டிவிட்டார். "என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான் பிரச்சனை."

எக்ஸ்ரே எடுத்து, குடலில் எங்கும் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டார். அடைப்பு இருக்கும்போது குடலை ஓட வைக்கும் மருந்து கொடுத்தாலோ உணவைத் திணித்தாலோ ஆபத்து. பிறகு அவலின் வாயைத் திறந்து உள்ளே விளக்கு அடித்துக் காட்டினார். முயலுக்கு 28 பற்கள். எல்லாமே சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன் பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். புல்லை மெல்ல மெல்லத் தேய்ந்து சமநிலையில் நிற்கும். வயதில் தாடை சற்று விலகினால் தேய்மானம் கோணலாகும். அவலின் இடது கீழ்க் கடைவாய்ப்பல் ஊசி மாதிரி உள்பக்கம் வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது.

"இவ சாப்பிட மாட்டேங்கல. சாப்பிட முடியல" என்றார் மருத்துவர். "வலிக்குது, அதனால திங்கல. திங்காததால குடல் நின்னுடுச்சு. குடல் நின்னதால காத்து சேர்ந்து இன்னும் வலி. வலியில பசி சுத்தமா போயிடும். இந்த வட்டத்தை எங்கயாவது ஒரு இடத்துல நாம வெட்டணும். அவளால வெட்ட முடியாது."

முயலின் குடலை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். செரிக்காத பெரிய நார்களைப் பிரித்து உடனே வெளியே தள்ளுகிறது. நாம் பார்க்கும் காய்ந்த உருண்டைகள் அவைதான். நுண்ணிய துகள்களைப் பின்னோக்கி அனுப்பி, பெருங்குடல்வாய் என்ற பெரிய பையில் போட்டுப் புளிக்க வைக்கிறது, நாம் மாவு புளிக்க வைப்பதைப் போல. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. புளித்தது திராட்சைக் கொத்து மாதிரி மென்மையான இன்னொரு வகைப் புழுக்கையாக வரும். அதை முயல் கீழே விழ விடாமல் நேரடியாக வாயால் எடுத்துச் சாப்பிட்டுக்கொள்ளும். அருவருப்பாக இருக்கலாம். மாடு அசை போடும் அதே வேலையை முயல் இந்த வழியில் செய்கிறது. முயலுக்கு வாய்வழி அமாக்சிசிலின் கொடுக்கக்கூடாது என்பதும் இதனால்தான். அந்தப் பைக்குள் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, முயலும் சாகலாம். நமக்குச் சாதாரணமாகத் தரும் மருந்து அது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

தோலுக்கடியில் சலைன், வலிக்கு மெலாக்சிகாம், குடல் ஓட ஒரு மருந்து. வீட்டில் என் வேலை சிரிஞ்ச். முயல் தீவன உருண்டைகளைப் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் குழைத்து, ஒரு வேளைக்கு 20 மில்லி, ஒரு நாளைக்கு 5 வேளை. அவள் 2 கிலோ. கூழ் சிரிஞ்ச் முனையில் அடைக்கும். வடிகட்டியில் தேய்த்து இறக்க வேண்டும். துண்டில் சப்பாத்தி ரோல் மாதிரி சுற்றி மடியில் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். மல்லாக்கப் போட்டால் முயல் அசையாமல் கிடக்கும். வீடியோக்களில் அதைப் பார்த்து 'சுகமாகப் படுத்திருக்கிறது' என்பார்கள். அது பயத்தில் உறைந்து போவது. முன் பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி இருக்கிறது. பக்கவாட்டில் அந்த இடத்தில் சிரிஞ்ச் முனையை வைத்து ஒரு மில்லி, மெல்லுகிறாளா என்று பார்த்து இன்னொரு மில்லி. அவசரப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 20 மில்லிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பாதி என் பேன்ட்டில்.

முதல் நாள் முழுக்க அம்மா சமையலறை வாசலைத் தாண்டி வரவில்லை. அவல் தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகமும் திரும்பியது. நான் எதுவும் விளக்கவில்லை. விளக்கினால், நீ அப்பாவுக்குச் செய்ததையும் செய்யாததையும் பற்றி நான் தீர்ப்பு சொல்கிறேன் என்று ஆகிவிடும். மருத்துவர் கொடுத்த தாளை மட்டும் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்தேன்.

அந்த ராத்திரிகளில் எனக்கு வடக்கிருத்தல் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டை மறுப்பதற்கு நம் மொழியில் பெரிய மரியாதை உண்டு. மகன்களோடு வந்த பகையில் மனம் உடைந்து வடக்கு நோக்கி உட்கார்ந்து உயிர்விட்டான் கோப்பெருஞ்சோழன். அதுவரை நேரில் பார்த்தே இராத நண்பர் பிசிராந்தையார் வந்து அவனைப் பின்பற்றினார். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியருக்கான கல்வெட்டு இருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது அந்தப் பாறையைப் பார்த்திருக்கிறேன். 57 என்ற எண்ணை யாரோ பக்கத்தில் இருந்து எண்ணியிருக்கிறார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

சோழனின் மறுப்பு ஒரு முடிவு. அப்பாவின் மறுப்பு உடம்பு கடையை மூடுவது. அவலின் மறுப்பு இரண்டும் இல்லை. அது ஒரு பல்லின் ஊசி முனை. மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கின்றன: தலை திரும்புகிறது, வாய் மூடுகிறது. நாம்தான் அதை 'அவளுக்கே தெரியும்' என்று மொழிபெயர்க்கிறோம். அவளுக்கு என்ன தெரியும்? நாக்கு வலிக்கிறது என்று தெரியும். சொல்வதற்கு வாயை மூடுவதைத் தவிர வழி இல்லை.

இரண்டாம் நாள் இரவு இரண்டு மணி வேளைக்கு எழுந்தபோது அம்மா ஏற்கெனவே கூழைக் கரைத்து வைத்திருந்தாள். கஞ்சிக்குச் சூடு பார்ப்பது மாதிரி புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வடிகட்டியில தேய்க்காத, வெள்ளைத் துணியில பிழி. கட்டி வராது" என்றாள். வரவில்லை. அடுத்து அவள் அப்பாவின் பழைய டைரி ஒன்றை எடுத்து வந்தாள். நேரம், எத்தனை மில்லி, புழுக்கை என்று மூன்று பத்தி பிரித்தாள். புழுக்கைப் பத்தியில் எட்டு வரிக்குப் பூஜ்யம் எழுதினாள்.

மூன்றாம் நாள் மாலை நான் ஆபீஸிலிருந்து வரும்போது போனில் அழைத்தாள். "மூணு."

"என்னம்மா மூணு?"

"சின்னதா, கோணலா, மூணு. எடுத்து வச்சிருக்கேன். வந்து பாரு."

ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள், விபூதி மாதிரி.

மறுநாள் 14. அதற்கு மறுநாள் 60ஐத் தாண்டி எண்ணிக்கை விட்டுப்போனது. உடம்பு தேறியதும் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சீவினார்கள். நமக்கு அறுவை என்றால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். முயலுக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். வாந்தி வராது, குடலும் நிற்கக்கூடாது. கூடையிலேயே புல்லைப் போட்டுக் கொண்டுபோனோம். எட்டரை வயதில் மயக்கம் ஆபத்துதான். அதற்குக் கையெழுத்துப் போட்டது அம்மா.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் கிடைத்தது. வயதான முயலோடு இருப்பது எப்படி என்று இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம். இறக்குமதி செய்த டிமோத்தி வைக்கோல் ஆன்லைனில் வரும், ஆனால் கட்டுப்படி ஆகாது. பிள்ளையார் கோவில் வாசல் பூக்காரம்மாவிடம் அம்மா தினமும் அருகம்புல் சொல்லிவைத்தாள். மாலையில் மீந்த கட்டுகளை அவர் தண்ணீர் தெளித்து எடுத்து வைப்பார். "உங்க வீட்டுப் பிள்ளையாருக்கு" என்பார். தெரிந்தவரின் மாட்டுக் கொட்டகையிலிருந்து வாரம் ஒருமுறை கோ-4 புல் வரும். கார்ட்டூன் முயல் கையில் பிடித்திருக்கும் கேரட்டில் சர்க்கரை அதிகம். அது மிட்டாய் மாதிரி எப்போதாவது. அவலுக்கு முதுகெலும்பு இறுகிப்போய், குனிந்து அந்த மென்மையான புழுக்கையை எடுக்க முடியாமல் ஆனபோது, அம்மா அதைக் காகிதத்தில் எடுத்து அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். முயலைக் குழம்பு என்று நினைத்து வளர்ந்தவள். டைரியில் புழுக்கைப் பத்தி எந்த நாளும் காலியாக விடப்படவில்லை. குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அந்த ஒன்பது மாதத்தில் இரண்டு தடவை குறைந்தது. இரண்டு தடவையும் சில மணி நேரத்திலேயே மருத்துவரிடம் போனோம், திரும்பக் கொண்டுவந்தோம்.

2024 ஏப்ரலில் தாடைக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு வீக்கம் தட்டுப்பட்டது. பல் வேரில் சீழ். முயலின் சீழ் பற்பசை மாதிரி கெட்டியானது. கீறிவிட்டால் வழிந்து வடியாது. எலும்பு வரை போயிருந்தது என்று எக்ஸ்ரே காட்டியது. பெரிய அறுவை செய்யலாம், ஆனால் இந்த வயதில் அவள் மேஜையிலிருந்து எழுவது சந்தேகம், எழுந்தாலும் திரும்ப வரக்கூடும் என்றார் மருத்துவர். வலி மருந்தில் சில வாரம் ஓட்டலாம். "எப்ப போதும்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

எப்படிப் பார்ப்பது? சாப்பிடுவதை மட்டும் அளவாக வைக்க முடியாது. சிரிஞ்ச் வைத்தால் அவள் விழுங்குவாள், குடலும் ஓடும், டைரியில் எண் வரும். எண் வந்துகொண்டே இருக்கும்போது ஒரு முயல் இல்லாமல் போக முடியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா டைரியின் கடைசிப் பக்கத்தில் அவலின் மூன்று வேலைகளை எழுதினாள். ஃப்ரிட்ஜ் சத்தத்துக்கு எழுந்து வருவது. சாயங்காலம் சீரியல் நேரத்தில் அம்மாவின் காலடியில் வந்து படுப்பது. முகத்தைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வது. "இதுல ரெண்டு போச்சுன்னா போதும்" என்றாள். முதலில் முகம் கழுவுவது நின்றது. மோவாய் எப்போதும் எச்சிலில் நனைந்திருந்தது. அம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மருந்தின் அளவைக் கூட்டினோம். பத்து நாள் கழித்து ஃப்ரிட்ஜைத் திறந்தபோது காது மட்டும் திரும்பியது. உடம்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"நாளைக்கு லீவு போடு" என்றாள் அம்மா.

முதலில் ஒரு மயக்க ஊசி, அவள் தூங்கிய பிறகு இன்னொன்று. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. மயக்க ஊசி போடும் முன் அம்மா கைப்பையிலிருந்து ஒரு கொத்தமல்லித் தண்டை எடுத்தாள். அவல் முகர்ந்தாள். வாயில் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். மெல்லவில்லை. அம்மா வற்புறுத்தவில்லை, தண்டை எடுத்துவிடவும் இல்லை. விரலைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டில் ஒரு தடவை தொட்டாள். நம் ஊரில் சாகிற வாயில் பால் விடுவோம், செத்த வாயில் அரிசி போடுவோம். கடைசி வரை ஊட்டிக்கொண்டே இருக்கிற ஜனம். அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதுமாக இருந்தது. மாதவரத்தில் ஒரு நண்பரின் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தோம். குழியை ஆழமாகத் தோண்டச் சொன்னாள் அம்மா. "வளைக்குள்ள இருக்கற ஜாதிதானே" என்றாள்.

இப்போது எங்களுக்கு முயல் இல்லை. ஆனால் முயல் வைத்திருப்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் நம்பர் வாங்கி, ராத்திரியில் எனக்கு போன் செய்கிறார்கள். போன மாதம் அப்படி ஒரு பையன், கல்லூரியில் படிப்பவன். ஏழு வயது முயல், சாயங்காலத்திலிருந்து ஒன்றும் தொடவில்லை. "வீட்ல எல்லாரும் வயசாயிடுச்சு, நிம்மதியா விடுன்னு சொல்றாங்கக்கா. விட்டுடலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா போனை வாங்கிவிட்டாள்.

"தம்பி, விடறதெல்லாம் அப்புறம். அது என்ன சொல்லுதுன்னு முதல்ல பாப்போம். கடைசியா எப்பப்பா புழுக்கை போட்டுச்சு?"

அந்தப் பக்கம் அமைதி. பிறகு அவன் விளக்கைப் போட்டு, குனிந்து, தேடும் சத்தம் கேட்டது.